நடுங்கும் கையும் நலியும் எலும்பும்

வலிகாமத்தின் வடபகுதியிலே, தெல்லிப்பழை, மாவிட்டபுரம், கீரிமலை, காங்கேசன்துறை என்று தொடரும் ஊர்களிலே, செம்மண்ணைச் சிறிது அகழ்ந்தவுடன் சுண்ணாம்புக்கல் எதிர்ப்படுவதையும், அக்கல்லைக் குடைந்து தோண்டிய கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் நாளடைவில் வெள்ளைப் படை கட்டுவதையும் அறியாதார் இலர். 1950இல் காங்கேசன்துறையிலே தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இக்கல்லை நம்பியே எழுந்தது. இங்ஙனம் கல்சியத்தின் மீது வீடு கட்டி, கல்சியம் கரைந்த நீரைப் பருகி வாழும் மக்கள், தம் கை சற்றே நடுங்கக் கண்டால், "உடம்பிலை கல்சியம் குறைஞ்சு போச்சு, எலும்பு தேயுது" என்று முதற்கண் ஐயுறுவது விநோதமே. ஐயுற்றவர் வைத்தியரை நாடுமுன் பாமசியை நாடுகிறார். கல்சியக் குளிசைப் போத்தல் ஒன்று வீட்டுக்கு வருகிறது. இரண்டு மூன்று மாதம் கழிகிறது. கை முன்போலவே நடுங்குகிறது. அவ்விடைக்காலத்திலே நடுக்கத்தின் மெய்யான காரணம், அது எதுவாயினும், தன்போக்கில் வளர்ந்துகொண்டிருக்கும்.

நடுக்கத்தையும் எலும்பு நலிவையும் ஒரே முடிச்சாக முடிந்துவிடும் இவ்வழக்கத்தைப் பிழையென்று கூறுவது எளிது. அவ்விரண்டுக்கும் எவ்விடத்தில் தொடர்பில்லை, எவ்விடத்தில் தொடர்புண்டு என்பதைப் பிரித்துக் காட்டுவதே பயன் தருவதாகும். அதற்கு நடுக்கத்தின் இயல்பிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

நடுங்காத மனிதன் உலகில் இல்லை. இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களை விரித்து, புறங்கைமேல் ஒரு மெல்லிய கடதாசியை இட்டுப் பார்த்தால், இருபது வயதுக் காளையின் கையிலும் அக்கடதாசியின் ஓரம் அசைவதைக் காணலாம். தசைநார்களுக்கு நரம்பு வழியே வரும் ஏவல் இடையறாத ஒழுக்காக வராமல் துடிப்புத் துடிப்பாக வருவதனாலும், இருதயத்தின் ஒவ்வோர் அடியும் விரல்நுனி வரை அதிர்வதனாலும், செக்கனுக்கு 8 முதல் 12 தடவை வரையில் நம் எல்லோருடைய கையும் கண்ணுக்குப் புலப்படாத வகையில் நடுங்கிக்கொண்டேயிருக்கிறது. அச்சமும் ஆத்திரமும் நித்திரைக் குறைவும் கடுங்காய்ச்சலும் இவ்வியற்கை நடுக்கத்தைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கிவிடும். சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து பாயும் அதிரினலின் என்னும் சுரப்பே இதற்குக் காரணமாகும். எறிகணை விழுந்த இரவுகளிலே பதுங்குகுழிக்குள் உடல் உதறியதை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை ஒன்று தெல்லிப்பழையிலே இன்னும் வாழ்கிறது; அவ்வுதறல் நோயன்று, உயிர் காக்கும் பொறியின் ஓசையே அது.

தொய்வுக்காரர் இழுக்கும் சல்பியூட்டமோல் மருந்தும், நாளொன்றுக்குப் பல தடவை பருகும் கடுஞ்சாயத் தேநீரும் இந்த இயற்கை நடுக்கத்தையே தூண்டுகின்றன. மருந்தின் வேகம் தணிந்ததும் நடுக்கமும் தணியும். இவற்றைக் குறித்து அதிகம் சொல்வதற்கில்லை.

அதிகம் சொல்ல வேண்டியது இரத்தத்தில் சீனி குறைவதனால் எழும் நடுக்கத்தைப் பற்றியே. சீனி வருத்தத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் ஒருவர், காலைக் குளிசையை வழக்கம்போல விழுங்கிவிட்டு, துர்க்கையம்மன் கோவிற் பூசை முடியும் வரை உணவருந்தாமல் இருந்தால், அல்லது கந்தசஷ்டி உபவாசத்தை மருந்தை மாற்றாமலே தொடங்கினால், முற்பகலுக்குள் கை நடுங்கி, வியர்வை அரும்பி, நெஞ்சு படபடத்து, பேச்சுக் குழம்புவதைக் காணலாம். இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குகையில் மூளையானது தன் உணவு குறைந்துவிட்டதை உடலுக்கு அறிவிக்கும் முறை அது. பக்தியின் மெய்சிலிர்ப்பு என்று அதனைக் கருதிவிட்டால் ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரிற் கரைத்து உடனே குடிக்கக் கொடுத்துவிட்டு, கால்மணி நேரத்தின் பின் மீண்டும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியே எதனையும் கொடுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டோட வேண்டும். இன்னொரு நுணுக்கமும் இங்கே உண்டு. இரத்த அழுத்தத்துக்காகப் புரொப்பிரனலோல் போன்ற குளிசைகளை எடுப்பவர்களிடத்தே சீனி இறங்கும்போது நடுக்கம் தோன்றாமலே போய்விடக்கூடும். வியர்வை மாத்திரமே எச்சரிக்கையாக எஞ்சும். அம்பாளுக்கு விரதம் பிடிக்க வேண்டாமென்று நான் எவருக்கும் சொல்லத் துணியேன். விரதத்துக்கு ஒரு கிழமை முன்னே வைத்தியரிடம் சென்று குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேட்டுக்கொள்வது அம்பாளுக்கு அபசாரமாகாது என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி அளவு கடந்து சுரப்பதனாலும் விரல்களில் மெல்லிய, விரைவான நடுக்கம் உண்டாகும்; நன்றாக உண்டும் உடல் மெலிதல், வெயில் தாங்காமை, இருதயப் படபடப்பு ஆகியவை உடன்வரும். இதனை விசேடமாகக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. மிகைத் தைரொயிட்டுச் சுரப்பு, கையை நடுங்கச் செய்யும் அதே வேளையில் எலும்பையும் அரித்துவிடும். ஆகவே, நடுக்கத்தையும் எலும்பு நலிவையும் ஒருங்கே ஐயுறும் ஒரு முதியவளின் ஐயம் மெய்யாக இருக்கக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அவளுக்கு வேண்டியது ஓர் இரத்தப் பரிசோதனை. கல்சியக் குளிசை அதனைத் தீர்க்காது. தைரொயிட்டுக் குறைவுக்காகத் தைரொக்சின் குளிசை எடுப்பவர்கள் அதனை வேண்டிய அளவுக்கு மேல் எடுத்தாலும் இதே விளைவு நேரும்.

பனையும் கள்ளும் நம் நாட்டின் பழைய தோழமைகள். நெடுங்காலமாக நாள்தோறும் மதுவருந்தியவர் திடீரென நிறுத்தினால் ஒரு நாளைக்குள் கை உதறத் தொடங்கும். சிலருக்கு அது வலிப்பும் மனமயக்குமாக முற்றி உயிருக்கே உலைவைக்கும். குடியை நிறுத்த விழையும் ஒருவரைப் போற்ற வேண்டும். அவர் வைத்திய மேற்பார்வையில் அதனை நிறுத்தும்படி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இவையெல்லாம் காரணம் நீங்கினால் தாமும் நீங்குபவை. நீங்காத நடுக்கங்களுள்ளே இரண்டு தலைமையானவை. அவற்றை ஒன்றென்று மயங்குவோர் பலர். ஒன்று பரம்பரைச் சார்புடையது. தகப்பனுக்கோ பேரனுக்கோ இருந்ததென்று குடும்பத்தார் சொல்லக் கேட்கலாம். அது வேலை செய்யும் கையிலே தோன்றும். மடியிற் கிடக்கும்போது அமைதியாக இருக்கும் கை, தேநீர்க் கோப்பையை உதட்டுக்கு உயர்த்துகையில் நடுங்கும். வங்கியிலே கையொப்பமிடுகையில் எழுத்துக்கள் பெருத்து அலைபோல நெளியும். சிலருக்குத் தலையும் குரலும் சேர்ந்து நடுங்கும். ஆயுளைக் குறைக்கும் நோயன்று அது. முற்கூறிய புரொப்பிரனலோல் முதலிய மருந்துகளால் அநேகருக்கு அடங்கும், தொய்வுக்காரர் மாத்திரம் அம்மருந்தைத் தவிர்க்க வேண்டும். மற்றொன்று பார்க்கின்சன் நோய். அதன் நடுக்கம் ஓய்ந்திருக்கும் கையிலே தோன்றும். ஒரு பக்கத்தில் தொடங்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் குளிசை உருட்டுவனபோல, செக்கனுக்கு 4 முதல் 6 தடவை வரை மெதுவாக அசையும். கோப்பையை எடுக்கக் கை நீண்டதும் அந்த அசைவு தணியும். எழுத்துப் பெருகாமல், வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். நடை குறுகும், முகபாவம் உறையும், குரல் மெலியும், அவயவங்கள் விறைக்கும். மெய்யாகப் பார்த்தால் பார்க்கின்சன் நோயாளரை வருத்துவது நடுக்கத்தினும் அசைவின் மந்தமே. நடுக்கமே இல்லாமலும் அந்நோய் வருவதுண்டு.

தெல்லிப்பழைக்கு இந்நோய் அந்நியமானதன்று. அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தவர்களுள் முதல்வராகிய சா. ஜே. வே. செல்வநாயகம், மக்கள் நாவிலே தந்தை செல்வா, தம் பிற்காலத்திலே பார்க்கின்சன் நோயால் வருந்தியவர். 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் மலாயாவின் ஈப்போ நகரிலே பிறந்து, நான்கு வயதளவில் தெல்லிப்பழைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று யூனியன் கல்லூரி என வழங்கும் அமெரிக்க மிஷன் பாடசாலையிலே அரிச்சுவடி கற்ற அவர், வழக்கறிஞராகக் கீர்த்தி பெற்று, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியை நிறுவியதும் அதன்பின் நடத்திய அரசியலும் சரித்திரம்; அவற்றை விரித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இங்கு நோக்க வேண்டியது, கேட்புத்திறன் குன்றி, உடல் நோயால் தளர்ந்திருந்த ஒருவர், எழுபத்தேழு வயதை எட்டும் தறுவாயில் 1975 பெப்ரவரியிலே காங்கேசன்துறை இடைத்தேர்தலில் நின்று வென்றதையும், அடுத்த ஆண்டு மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டை மாநாட்டுக்குத் தலைமை வகித்ததையுமே. பார்க்கின்சன் நோய் உடலின் அசைவைக் கவர்ந்துகொண்டாலும், நெடுங்காலம் வரை, அறிவின் தெளிவைத் தொடாமல் விடுவதுண்டு என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. நடுங்கும் முதியவரின் கையைக் கண்டவுடன் அவருடைய புத்தியும் தளர்ந்துவிட்டதெனக் கருதி, அவர் காது கேட்கவே அவரைப்பற்றிப் பிறரிடம் பேசும் நம்மவர் வழக்கம் எத்துணைக் கொடிதென்பதையும் இதனாலே உணரலாம். 1977 மார்ச்சிலே தம் இல்லத்தில் விழுந்த தந்தை செல்வா, அவ்வீழ்ச்சியிலிருந்து தேறாமலே ஏப்ரல் 26ஆம் நாள் காலமானார். நோய் பல்லாண்டு வருத்திற்று. முடிவுக்கு வழிவகுத்தது வீழ்ச்சி. இவ்விவரத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்; எலும்பைப் பற்றிப் பேசும்போது அது வேண்டியிருக்கும்.

தெல்லிப்பழையிலே டானியல் பூவர் பாதிரியார் அந்தப் பாடசாலையைத் தொடங்கியது 1816இல். அதற்கடுத்த ஆண்டு, அந்நாளில் இலண்டன் மாநகரின் புறத்தே இருந்த ஹொக்ஸ்ரன் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த யேம்ஸ் பார்க்கின்சன் என்பவர், இந்நடுக்கநோயுற்ற ஆறு பேரைப் பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டார். அறுவருள் சிலரை அவர் வைத்திய அறையிலே பரிசோதிக்கவுமில்லை; தெருவிலே நடந்துபோகக் கண்டு, அந்நடையையும் நடுக்கத்தையும் கூர்ந்து நோக்கியே எழுதினார். கற்களுள் உறைந்த பண்டை உயிர்களின் எச்சங்களைத் திரட்டி ஆராய்வதிலும் அவர் பேரார்வலர். கீரிமலைக் கடற்கரையின் சுண்ணாம்புப் பாறையிலே பதிந்து கிடக்கும் சிப்பித் தடங்களைக் கண்டிருப்பாராயின் நோயாளரை மறந்து அங்கேயே தங்கியிருப்பார் போலும். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் சார்க்கோ அந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். 1919இல் திரெத்தியாக்கோவ் என்னும் ஆராய்ச்சி மாணவர், இந்நோயால் இறந்தோரின் நடுமூளையிலே கருநிறமாகத் தோன்ற வேண்டிய ஒரு சிறு பகுதி வெளிறியிருப்பதைப் பாரிஸ் நகரிலே எடுத்துக்காட்டினார். அக்கருநிறப் பகுதியின் உயிரணுக்கள் டோபமின் என்னும் இரசாயனத்தைச் சுரந்து அசைவைச் செம்மைப்படுத்துபவை. நடுக்கம் வெளியே தெரியும் நாளில், அவ்வணுக்களிற் பாதிக்கு மேற்பட்டவை ஏற்கெனவே அழிந்திருக்கும்.

இவ்விடத்தில் நம் மண்ணின் இரண்டு மூலிகைகள் கதைக்குள் வருகின்றன. ஒன்று சர்ப்பகந்தி. உன்மத்தத்துக்கும் நித்திரையின்மைக்கும் பாரத வைத்தியர் நெடுங்காலம் வழங்கிய அவ்வேர், இரத்த அழுத்தத்தையும் தணிக்கும் என்பதை 1949இலே பம்பாய் வைத்தியர் ருஸ்தம் யால் வக்கீல் மேல்நாட்டாருக்கு அறிவித்தார். சில ஆண்டுகளில் அதிலிருந்து ரெசேர்ப்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அம்மருந்தை உண்டவர்களிற் சிலருக்குப் பார்க்கின்சன் நோயை ஒத்த விறைப்பும் நடுக்கமும் தோன்றின. சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரெசேர்ப்பினைச் செலுத்தினார். அவை கல்லாய்ச் சமைந்தன. பின்னர் எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தினார். அவை எழுந்து துள்ளின. ரெசேர்ப்பின் மூளையின் டோபமினை வெறுமையாக்குகிறது, எல்-டோபா அதனை மீள நிரப்புகிறது என்பது துலங்கிற்று. 2000ஆம் ஆண்டு நொபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

மற்றையது பூனைக்காலி. வேலியோரங்களிலே படர்ந்து, காயின் மேலுள்ள சுணை மேனியிற் பட்டால் தாங்கொணாத சொறியை எழுப்பும் அக்கொடியின் விதையை, நடுக்குவாதம் முதலிய நோய்களுக்குச் சித்த ஆயுர்வேத வைத்தியர் வழங்கி வந்தனர். அவ்விதையிலே எல்-டோபா இருப்பதைக் கண்டு பிரித்தெடுத்து, 1937இலே அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர் இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அப்பொருளுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் உள்ள உறவை அந்நாளில் உலகில் எவரும் அறியார். வியன்னாவிலே ஹோர்னிகீவிச், நோயாளரின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதை அளந்து காட்டியது 1960இலும், நியூயோர்க்கிலே கொற்சியாஸ் எல்-டோபாவைப் பேரளவில் வாய்வழியே கொடுத்து நோயாளரை எழுந்து நடக்கச் செய்தது 1967இலும் நிகழ்ந்தன. முப்பது ஆண்டுக்காலம் மருந்து சென்னையின் ஆய்வேட்டில் இருந்தது. நோய் வேறோரிடத்தில் இருந்தது. விஞ்ஞான சரித்திரத்திலே இத்தகைய தவறிய சந்திப்புக்கள் பல. நம்மவர் பங்குபற்றிய இதனை நம் பாடப்புத்தகங்கள் சொல்லாதிருப்பதே எனக்குக் குறையாகத் தோன்றுகிறது.

இதைக் கேட்டவுடன் பூனைக்காலி விதையைப் பொடித்து உண்ணப் புறப்படுதல் தகாது. விதைக்கு விதை மருந்தின் அளவு வேறுபடும். இன்று கொடுக்கப்படும் குளிசையிலே, எல்-டோபா மூளையை அடையுமுன் உடலிலே வீணாகாதபடி காக்கும் துணைமருந்து ஒன்றும் சேர்ந்துள்ளது. விதைப்பொடியையும் குளிசையையும் கலந்து உண்டால் அளவு மிஞ்சிக் கைகால்கள் தாமாகவே முறுகி ஆடும். பயனுள்ள வேறொரு குறிப்பைச் சொல்லலாம்: எல்-டோபாக் குளிசையை மீனும் பருப்பும் நிறைந்த உணவோடு சேர்த்து உண்டால் அது மூளைக்குள் புகுவது குறையும், உணவுக்கு அரைமணி நேரம் முந்தியே விழுங்குதல் நன்று.

மருந்துகளே நடுக்கத்தை உண்டாக்குவதற்குச் சர்ப்பகந்தி தனி உதாரணமன்று. வாந்தியை நிறுத்த வழங்கும் மெற்றோகுளோபிரமைட், தலைச்சுற்றுக்கு மாதக்கணக்காகத் தொடரப்படும் சினரிசின், வலிப்புக்குரிய வல்ப்புரோவேற், மனநோய்க்குரிய ஹலோபெரிடோல் முதலியவை நடுக்கத்தையோ விறைப்பையோ தோற்றுவிக்கக்கூடும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, போர்க்காலத்திலும் அதன் பின்னரும் குடாநாட்டின் மனக்காயங்களை ஆற்றுவதில் ஆற்றிய தொண்டு பெரிது. இத்தகைய பிரிவுகளிலே மருந்து பெற்றுச் செல்வோருட் சிலர், கை நடுங்குகிறதென்று தாமாகவே மருந்தை நிறுத்திவிட்டு, சில வாரங்களில் பழைய நோய் மீண்டும் மூண்டு வருந்துவர். நடுக்கத்தைச் சொன்னால் வைத்தியர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். சொல்லாமல் நிறுத்துவதே தீங்கு.

இதுவரை கூறிய காரணங்களுள் எலும்பு ஓரிடத்திலும் வரவில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். எலும்பு நடுங்காது, நடுக்குவிக்கவும் மாட்டாது. ஆனால் இதற்கு இரண்டு விலக்குக்கள் உண்டு. இரத்தத்திலே கல்சியம் கடுமையாகக் குறைந்தால், உதட்டைச் சுற்றி விறுவிறுத்து, விரல்கள் குவிந்து இறுகி இழுக்கும். கழுத்திலே தைரொயிட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரிடம் இதைக் காணலாம். விற்றமின் டி மிகக் குறைந்தால் தொடைத்தசைகள் வலுவிழந்து, நிலத்திலிருந்து எழும்போதும் படியேறும்போதும் கால் தள்ளாடி நடுங்கும். மற்றபடி, எலும்பின் கல்சியம் குறைந்தவருக்கும் இரத்தத்தின் கல்சியம் சரியாகவே இருக்கும். வளர்ந்த மனிதர் உடலிலுள்ள ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலேயே உள்ளது. எஞ்சிய ஒரு பங்கு குறையாதிருக்கும்படி, பாரதைரொயிட்டுச் சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்தேனும் இரத்தத்துக்கு வழங்கிவிடுகின்றன. எலும்பும் செத்த கல்லன்று. பழையதை அரிக்கும் அணுக்களும் புதியதைப் படைக்கும் அணுக்களும் ஓயாது உழைக்க, ஏறக்குறையப் பத்தாண்டுக்கொருமுறை முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயதளவில் உச்சம் எய்தும் அதன் செறிவு பின்னர்ச் சிறுகச் சிறுகக் குறையும். மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்குச் சில ஆண்டுகள் வேகமாகக் குறையும். அக்குறைவு வலிக்காது, வீங்காது, நடுங்காது. கறையான் உள்ளே தின்ற வளைமரம் கூரையைத் தாங்கி நிற்பதுபோல, ஒருநாள் முறியும்வரை எலும்பும் நிற்கும்.

1990இலே போரினால் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, பொருளாதாரத் தடைக்கிடையில், பால்மாவும் போதிய உணவும் அரிதான ஆண்டுகளிலே வளர்ந்த பிள்ளைகள் இன்று நடுவயதை எட்டி நிற்கிறார்கள். எலும்பு செறிவடையும் பருவத்திலே வறுமையைக் கண்ட அத்தலைமுறையின் பெண்கள் மாதவிலக்கு நிற்கும் வயதை அடையும்போது, அவர்களுடைய எலும்பைப் பற்றி வைத்தியத்துறை முன்கூட்டியே சிந்தித்தல் வேண்டும் என்பது என் துணிபு.

தெல்லிப்பழையில் இச்சிந்தனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011இலே தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை, இலங்கையின் தெற்கு நுனியிலிருந்து வடக்கு நுனிக்கு, இனமத பேதமின்றிப் பலர் நடந்து திரட்டிய நிதியைக் கொண்டு அங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மார்புப் புற்றுநோய்க்கும் புரோஸ்டேற் புற்றுநோய்க்கும் வழங்கும் சில மருந்துகள், நோயை வளர்க்கும் பாலியற் சுரப்புக்களை அடக்குகின்றன. அச்சுரப்புக்களே எலும்பையும் காத்து வந்தவை ஆதலின், எலும்பு விரைந்து நலியும். மூட்டுவாதத்துக்கும் தொய்வுக்கும் நெடுநாள் உண்ணும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டெரொயிட்டுக் குளிசைகளும் அவ்வாறே. இத்தகையோர் தம் எலும்பைக் காப்பதற்கு என்ன செய்ய வேண்டுமென்று சிகிச்சையின் தொடக்கத்திலேயே கேட்டறிதல் தகும்.

உணவைப் பொறுத்தவரை நம் அடுக்களை வறியதன்று. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம், ஐம்பது கடந்த பெண்களுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். நூறு கிராம் குரக்கன் மாவிலே ஏறக்குறைய 340 மில்லிகிராம் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்தலியும் சூடையும், எள்ளுருண்டை, முருங்கையிலை, பால், தயிர் ஆகியவையும் உதவும். கல் கரைந்த கிணற்று நீரிலும் உடலில் ஏறக்கூடிய கல்சியம் உண்டு. ஆயினும் விற்றமின் டி இல்லாமல் குடல் அதனை வேண்டிய அளவு ஏற்காது. வெயில் கொளுத்தும் நாட்டிலே அந்த விற்றமின் குறைவு பரவலாக இருப்பது, நாம் வெயிலை விட்டு விலகி வாழப் பழகிவிட்டதனாலே. கையும் காலும் வெயிலிற் படும்படி நண்பகலை ஒட்டிய வேளையில் சிறிது நேரம் முற்றத்திலோ தோட்டத்திலோ நிற்பது மலிவான மருந்து. சுருட்டு எலும்புக்குப் பகை. நடையும் பாரம் தூக்கலும் அதற்கு நட்பு. வைத்தியர் கல்சியக் குளிசை தந்திருப்பாராயின், தைரொக்சின் குளிசைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுதல் வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைரொக்சின் உடலில் சரிவர ஏறாது.

இனி இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். பார்க்கின்சன் நோயாளர் குறுகிய அடிவைத்து நடப்பதனாலும், திரும்பும்போது கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டது போல நிற்பதனாலும், படுக்கையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் சடுதியில் இறங்குவதனாலும் அடிக்கடி விழுவர்; தந்தை செல்வாவின் வீழ்ச்சியை இங்கே நினைவுகூர்க. வெளியே நடமாட்டம் குறைவதனால் விற்றமின் டியும் எலும்புச் செறிவும் அவர்களுக்குக் குறைந்திருக்கும். நடுக்கம் எலும்பை முறிப்பதில்லை. நடுக்கமுடையவரின் வீழ்ச்சி முறிக்கிறது. சீனி இறங்கித் தள்ளாடியவருக்கும், நித்திரைக் குளிசையின் மயக்கத்தோடு இரவிலே எழுந்தவருக்கும் அதுவே நேரும். பாசி பிடித்த கிணற்றடி, வீட்டுக்கு வெளியே தொலைவில் அமைந்த மலசலகூடம், உயர்ந்த வாசற்படி, வெளிச்சமில்லாத கோடிப்புறம் ஆகியவை நம் வீடுகளின் வீழ்ச்சித் தலங்கள். மணிக்கட்டு முறிவை நம் முறிவு நெரிவு வைத்தியர் புக்கை கட்டிப் பொருத்தியதுண்டு. அவர்தம் கைத்திறனை நான் இகழேன். இடுப்பெலும்பு முறிவோ வேறு வகையானது. விழுந்த முதியவரின் கால் குறுகி வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால், எண்ணெய் தடவிக் காத்திராமல், அன்றே வைத்தியசாலை சேர்த்தல் வேண்டும். சத்திரசிகிச்சை ஓரிரு நாளுக்குள் நடைபெறாவிடின், படுக்கையிற் கிடப்பதனால் வரும் நியூமோனியாவும் படுக்கைப்புண்ணும் இரத்தக்கட்டியும் முறிவினும் கொடியனவாகும்.

ஆகவே, கை நடுங்குகிறதென்று அறிந்தால், பாமசிக்கு முன் வைத்தியரிடம் செல்லுங்கள். ஆங்கில மருந்தோ நாட்டு மருந்தோ, உண்ணும் அனைத்தையும் ஒரு பையிலிட்டு உடன் கொண்டுசெல்லுங்கள். நடுக்கம் ஓய்ந்த கையிலா, வேலை செய்யும் கையிலா என்பதை வீட்டிலேயே கவனித்துச் சொல்லுங்கள். சீனியையும் தைரொயிட்டையும் சோதித்துப் பார்க்கும்படி கேளுங்கள். ஐம்பது வயதுக்கு மேல், நின்ற நிலையிலிருந்து விழுந்த அளவிலே உங்கள் மணிக்கட்டு முறிந்திருக்குமாயின், அது பொருந்தியதோடு விட்டுவிடாமல், எலும்பின் செறிவை அளக்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். கிணற்றடியின் பாசியை மட்டும் எவரையும் கேளாமல் இன்றைக்கே உரஞ்சிக் கழுவிவிடலாம்.